தூக்கினால்தான் பூட்டும்

லண்டனில் ஹரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ டூட்டிங்கிலோ நம்மவர் வாங்கும் வரிசை வீடுகளில் பின்கதவு பெரும்பாலும் வெள்ளை யூபிவிசி பிளாஸ்டிக். பல வீடுகளில் முன்கதவும் அதுவே. அந்தக் கதவு பூட்டவில்லை என்றால் முதலில் பழி விழுவது திறப்பின் மேல். அடுத்தது சிலிண்டரின் மேல். கடைக்கு ஓடிப்போய்ப் புதுச் சிலிண்டர் வாங்கி வந்து மாட்டிய பிறகும் கதவு பழையபடி மல்லுக்கட்டும். ஏனென்றால் பழுது அங்கே இல்லை.

இந்தக் கதவு வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் பாதிக் காசு மிச்சம். கதவின் ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஓர் இரும்புப் பட்டை ஓடுகிறது. கைப்பிடியை மேலே தூக்கும்போது அந்தப் பட்டையிலுள்ள கொளுக்கிகளும் உருளைகளும் நகர்ந்து, நிலையில் அறைந்திருக்கும் பிடிதகடுகளுக்குள் போய்ப் பிடிக்கின்றன. பட்டையின் நடுவில், கைப்பிடிக்கு நேர் பின்னால், கைக்கடக்கமான ஒரு பெட்டி இருக்கிறது. அதுதான் கியர்பொக்ஸ். கைப்பிடியின் அசைவைப் பட்டைக்குக் கடத்துவது அது. திறப்பைத் திருப்புவதால் கொளுக்கிகள் வெளியே வருவதில்லை. ஏற்கெனவே வந்து பிடித்தவை திரும்பிப் போகாமல் மறிப்பதுதான் பெரும்பாலான கதவுகளில் திறப்பின் வேலை.

அதனால் கைப்பிடியைத் தூக்கிவிட்டுத் திறப்பைத் திருப்பாமல் வெளியே போனால் கதவு பூட்டப்படவில்லை என்றே பொருள். வெளியிலும் அசையும் கைப்பிடி இருந்தால் யார் வேண்டுமானாலும் அதைக் கீழே அழுத்தித் திறக்கலாம். வெளிக் கைப்பிடி அசையாத வகையிலும், தூக்கிப் பூட்டாவிட்டால் கதவைச் சாத்தியதும் தானாகப் பிடிக்கும் நாக்கு ஒன்றுதான் தாங்குகிறது. திருட்டுப் போனபின் காப்புறுதிக் கம்பனி கேட்கும் முதல் கேள்விகளில் கதவு பூட்டியிருந்ததா என்பதும் ஒன்று. வீட்டில் நகை வைத்திருக்கும் ஆசியக் குடும்பங்களைத் தீபாவளிக் காலத்தில் கவனமாக இருக்கும்படி லண்டன் பொலிஸ் எச்சரிப்பது உண்டு. ஆகவே பிள்ளைகளுக்கும் இதைப் பழக்குங்கள்: தூக்கு, திருப்பு, திறப்பை எடு.

கதவைத் திறந்து வைத்துப் பாருங்கள்

எந்தப் பழுதானாலும் முதற் சோதனை ஒன்றுதான். கதவை அகலத் திறந்து, அப்படியே நிறுத்தி, கைப்பிடியைத் தூக்கித் திறப்பைத் திருப்புங்கள். திறந்த நிலையில் எல்லாம் வழுக்கிக்கொண்டு போய், சாத்திய பிறகு மட்டும் இறுகினால் பூட்டில் குறை இல்லை. கதவு இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. திறந்த நிலையிலும் இறுகினால் அல்லது கடகடத்தால் மட்டும் பூட்டின் உள்ளே தேடுங்கள். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. தொலைபேசியில் லொக்ஸ்மித்தைக் கூப்பிடும்போது இந்த விடையைச் சொன்னால் அவரும் சரியான சாமானோடு வருவார்.

சாத்தினால் இறுகும் கதவைத் தோளால் தள்ளி, கைப்பிடியை இரண்டு கையாலும் இழுத்துத் தூக்கிப் பூட்டுகிற பழக்கம் பல வீடுகளில் உண்டு. “அது அப்பிடித்தான், கொஞ்சம் பலமாத் தூக்குங்கோ” என்று விருந்தினருக்கும் சொல்லிக் கொடுப்பார்கள். கியர்பொக்ஸ் உடைவதற்கு முதற் காரணம் அந்தப் பலம்தான் என்பது என் கணிப்பு. உள்ளே இருப்பவை சின்ன வார்ப்புத் துண்டுகளும் ஸ்பிரிங்குகளும். கொளுக்கி பிடிதகட்டின் விளிம்பில் முட்டிக்கொண்டு நிற்க, நீங்கள் கொடுக்கும் பலம் முழுவதையும் அவைதான் தாங்குகின்றன. பிணைச்சலில் அரைச் சுற்றுத் திருப்பினால் தீர்ந்திருக்க வேண்டிய காரியம், ஒரு நாள் கதவு சாத்திய நிலையில் கியர்பொக்ஸ் முறிந்து, அவசரக் கூலியில் வந்து முடியும்.

கதவு தொங்கினால்

கதவு தொங்கியிருப்பதைக் கண்ணாலேயே பிடிக்கலாம். சாத்திய கதவுக்கும் நிலைக்கும் இடையிலுள்ள மேல் இடைவெளியைப் பாருங்கள். பூட்டுப் பக்கத்தில் அகன்றும் பிணைச்சல் பக்கத்தில் ஒடுங்கியும் இருந்தால் கதவின் பூட்டுப் பக்கம் கீழே இறங்கிவிட்டது. கீழ்ப்படியில் உரசிய தடம் இருக்கும். இன்னும் துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் கொளுக்கிகளின் நுனியில் சோக்கட்டியோ பழைய லிப்ஸ்டிக்கோ பூசி, கதவைச் சாத்தி, கைப்பிடியை மெல்லத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திறவுங்கள். பிடிதகட்டில் எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் முட்டுகிறது.

வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். யூபிவிசி சூட்டில் நன்றாக விரியும். இரண்டு மீற்றர் உயரத் துண்டு ஒன்று 20 பாகை கூடும்போது தடையில்லாமல் விரிந்தால் ஏறக்குறைய 3 மி.மீ. நீளும். கதவுக்குள் இரும்புச் சட்டம் இருப்பதால் அவ்வளவு வராது என்றாலும், ஜூலை மாதத்துப் பின்னேர வெயில் விழும் அடர்நிறக் கதவு மாலையில் முரண்டு பிடித்து இரவில் தானாகச் சரியாகிவிடுவது இதனால்தான். பல பொருள்களைச் சேர்த்துச் செய்யும் கொம்பசிட் கதவுகள் வெயிலில் வில்லாக வளைவதும் உண்டு. ஆண்டிலேயே மிகச் சூடான நாளில் பிணைச்சலைத் திருகி வைத்தால் மார்கழிக் குளிரில் வேறு பக்கம் இழுக்கும். காலை நேரத்தில், கதவு குளிர்ந்திருக்கும்போது செய்யுங்கள்.

பிணைச்சலைச் சரிசெய்ய அலன் கீ ஒன்று போதும். பெரும்பாலும் 5 மி.மீ., சில கதவுகளில் 4. பிணைச்சலை மூடியிருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் திருகாணிகள் தெரியும். ஒன்று கதவைப் பக்கவாட்டில் நகர்த்தும்; இன்னொன்று உயரத்தை மாற்றும். சில பிணைச்சல்களில் கதவை நிலையோடு நெருக்கி அழுத்துவதற்கும் தனியாக ஒன்று உண்டு. உயரத்தை மாற்றும்போது மூன்று பிணைச்சல்களையும் ஒரே அளவு திருப்புங்கள். ஒன்றை மட்டும் ஏற்றினால் கதவின் முழுப் பாரமும் அதில் விழும். பக்கவாட்டில், பூட்டுப் பக்கம் இறங்கிய கதவுக்கு மேல் பிணைச்சலில் தொடங்கலாம். அரைச் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்ப வேண்டாம். திருப்புவது, சாத்துவது, தூக்கிப் பார்ப்பது, மறுபடி அதே.

எவ்வளவு திருப்பியும் சில மாதங்களில் மறுபடி தொங்கினால் குற்றம் கண்ணாடியின் கீழே இருக்கிறது. இந்தக் கதவுகளில் கண்ணாடியும் பாரம் தாங்கும் ஓர் உறுப்பு. ஊரில் படலைக்குக் குறுக்குச் சட்டம் அடித்து அது சாயாமல் நிறுத்துவோமே, அந்த வேலையை இங்கே கண்ணாடி செய்கிறது. பிணைச்சல் பக்கத்துக் கீழ் மூலையிலும், அதற்கு எதிரே பூட்டுப் பக்கத்து மேல் மூலையிலும் கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் இடையே பிளாஸ்டிக் துண்டுகளைச் செருகி இறுக்கியிருப்பார்கள். பொருத்தியவர் அதை ஒழுங்காகச் செய்யாமல் விட்டாலோ, துண்டுகள் நழுவினாலோ கதவு மூலைமட்டம் இழந்து சாயும்.

சரிசெய்ய, கண்ணாடியைச் சுற்றியுள்ள பீடிங்கைக் கழற்ற வேண்டும். பட்டி வைக்கும் தட்டைக் கத்தியை நீளமான பீடிங்கின் நடுவில் கொடுத்து நெம்பினால் அது வளைந்து வெளியே வரும். நீளமானவை முதலில் கழலும். திரும்பப் போடும்போது குட்டையானவை முதலில் போகும். எது எந்தப் பக்கம் என்று பென்சிலால் குறித்து வையுங்கள். 4 மி.மீ. கண்ணாடி இரண்டு சேர்ந்த டபுள் கிளேசிங் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 20 கிலோ. ஆகவே ஆள் துணையில்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. கதவுக்குப் போடும் கடினப்படுத்திய கண்ணாடி நடுவில் பலமான அடியைத் தாங்கும். மூலையில் சின்னத் தட்டு விழுந்தாலே பொலபொலவென்று உதிர்ந்துவிடும். கத்தியை மூலைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். மனத்தில் துணிவு இல்லையென்றால் இந்த ஒன்றை மட்டும் ஆள் வைத்துச் செய்வதில் வெட்கமில்லை.

கைப்பிடி

தொங்கும் கைப்பிடி கதவுப் பழுதுகளிலேயே மலிவானது. கதவைத் திறந்து வைத்து, உட்பக்கக் கைப்பிடித் தட்டின் மேலும் கீழும் உள்ள திருகாணிகளைக் கழற்றுங்கள். அவை கதவை ஊடுருவி வெளித் தட்டைப் பிடித்திருப்பவை. கடைசி ஆணி வந்ததும் வெளிக் கைப்பிடி கீழே விழும். ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே 8 மி.மீ. சதுரக் கம்பி ஒன்று வரும்.

இப்போது கைப்பிடியைக் கையில் வைத்து அழுத்தி விடுங்கள். துள்ளித் திரும்பாமல் சவமாகத் தொங்கினால் அதற்குள்ளிருக்கும் ஸ்பிரிங் போய்விட்டது. கதவிலுள்ள சதுரத் துளைக்குள் கம்பியை மட்டும் செருகி, பிடித்துத் திருப்பியும் பாருங்கள். பட்டை சுமுகமாக ஏறி இறங்கினால் கியர்பொக்ஸ் நல்லது, கைப்பிடியை மாற்றினால் போதும். கம்பி சுற்றுகிறது, பட்டை அசையவில்லை என்றால் கியர்பொக்ஸின் கதை முடிந்தது.

புதுக் கைப்பிடிக்கு அழகைப் பார்க்குமுன் அளவைப் பாருங்கள். சதுரத் துளையின் நடுவிலிருந்து திறப்புப் போகும் வட்டத்தின் நடு வரை எத்தனை மி.மீ. என்பதே முதலாவது. பெரும்பாலான கதவுகளில் அது 92. ஆனால் 68, 70 என்று வேறு அளவுகளும் உண்டு. அடுத்தது இரண்டு திருகாணித் துளைகளுக்கும் இடையிலுள்ள தூரம். பிறகு தட்டின் நீள அகலம். இவை பொருந்தினால் எந்தக் கம்பனிக் கைப்பிடியும் உட்காரும். பொருத்தும்போது திருகாணியைப் பல்லைக் கடித்து இறுக்கக் கூடாது. தட்டு வளைந்து உள்ளே ஸ்பிரிங்கை நெருக்கினால் புதுக் கைப்பிடியும் முதல் நாளே இறுகும்.

சிலிண்டர்

திறப்பு உள்ளே போக மறுப்பது, பாதியில் சிக்குவது, முன்னும் பின்னும் ஆட்டினால்தான் திரும்புவது — இவை சிலிண்டரின் நோய்கள். முதலில் வேறொரு திறப்பைப் போட்டுப் பாருங்கள். பிரதிக்குப் பிரதி வெட்டிய திறப்புகள் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பிசகும். அடுத்தது கிராபைட் பொடி அல்லது உலர்ந்த பிடிஎப்இ ஸ்பிரே. சமையலறை எண்ணெய் ஒருபோதும் வேண்டாம். எல்லா வீட்டிலும் இருக்கும் அந்தத் துரு ஸ்பிரேயும் அன்றைக்கு இதமாக இருந்து, பிறகு தூசியைப் பிடித்துப் பசையாகும்.

மாற்றுவது சுலபம். கதவின் ஓரப் பட்டையில், சிலிண்டருக்கு நேரே ஒரு நீளத் திருகாணி இருக்கும். அதை முழுதாகக் கழற்றி, திறப்பைப் போட்டு, கடிகார முள் ஐந்து நிமிடத்தில் நகரும் அளவுக்குச் சற்றே திருப்புங்கள். சிலிண்டரின் நடுவிலுள்ள நாக்கு உடம்போடு ஒட்டி வரும்போது அது வழுக்கிக்கொண்டு வெளியே வரும். வராவிட்டால் பலம் கொடுக்காமல் திறப்பை ஒரு மயிரிழை இப்படியும் அப்படியும் அசைத்துப் பாருங்கள். வெளியே எடுத்த சிலிண்டரைத் திருகாணித் துளையின் நடுவிலிருந்து இரு முனைகளுக்கும் தனித்தனியாக அளந்து பாருங்கள்: வெளிப்பக்கம் 40, உட்பக்கம் 50 என்று இருந்தால் கடையில் அந்த ஒழுங்கிலேயே சொல்ல வேண்டும்.

அந்தத் திருகாணித் துளை இருக்கும் இடம்தான் சிலிண்டரின் மெலிந்த இடுப்பு. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையைப் பிடித்து அங்கே முறித்துவிட்டு உள்ளே வருவது இந்த நாட்டுத் திருடர்களின் பழகிய வழி. சிலிண்டர் கைப்பிடித் தட்டுக்கு வெளியே 3 மி.மீ.க்கு மேல் நீட்டக் கூடாது. மாற்றுவதென்றாகிவிட்டால் டிஎஸ் 007 தரத்தில் மூன்று நட்சத்திரம் பொறித்ததை வாங்குங்கள், அல்லது ஒரு நட்சத்திரச் சிலிண்டரோடு இரண்டு நட்சத்திரக் கைப்பிடியைச் சேருங்கள். சோல்ட் செக்யூர் டயமண்ட் முத்திரை உள்ளதும் நல்லது. கொஞ்சம் விலை கூடத்தான். வீட்டில் வேறு எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள். உட்பக்கத்தில் திறப்புக்குப் பதில் விரலால் திருப்பும் குமிழ் வைத்த சிலிண்டரும் கிடைக்கும். இரவில் தீ, புகை என்று வந்தால் திறப்பைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கதவில் கண்ணாடி கைக்கெட்டும் இடத்தில் இருந்தால், திருடன் அதை உடைத்துக் கையை விட்டுக் குமிழைத் திருப்பலாம் என்பதையும் யோசித்து முடிவு செய்யுங்கள்.

கியர்பொக்ஸ்

கதவு திறந்த நிலையில் கியர்பொக்ஸ் போயிருந்தால் அது அதிர்ஷ்டம். சிலிண்டரையும் கைப்பிடியையும் கழற்றி, கதவின் ஓரத்திலுள்ள திருகாணிகளை மேலிருந்து கீழாக எடுத்தால் பட்டை முழுதும் வெளியே வரும். கழற்றும் முன் ஒரு படம், கழற்றிய பின் ஒரு படம். நடுவிலுள்ள பெட்டியைப் பல பட்டைகளில் தனியாகக் கழற்றி மாற்றலாம். பட்டையின் முகத்திலோ பெட்டியிலோ செய்த கம்பனியின் பெயர் பொறித்திருக்கும்: ஜியூ, வின்க்ஹவுஸ், யேல், ஃபூர், மிலா, ரோட்டோ என்று ஏதாவது. அந்தப் பெயரோடு, பட்டையின் முகத்திலிருந்து சதுரத் துளையின் நடு வரையுள்ள அளவையும், முன்னர் சொன்ன 92 அளவையும் கொடுத்தால் கடைக்காரர் எடுத்துத் தருவார். முகத்திலிருந்து நடு வரை 35 மி.மீ. என்பது மிகப் பரவலான அளவு. வாங்கிய பெட்டியின் நாக்கு எதிர்ப்பக்கம் பார்த்தால் பயப்பட வேண்டாம். அநேகமானவற்றில் அதை இழுத்துத் திருப்பிப் போடலாம்.

பொருத்தியதும் கதவைச் சாத்திவிடாதீர்கள். திறந்த நிலையிலேயே தூக்கி, பூட்டி, திறந்து, திரும்பத் திரும்பப் பார்த்து மனம் நிறைந்த பிறகே சாத்துங்கள். புதுப்பெட்டி பழுதாயிருந்தால் உள்ளே மாட்டுவது நீங்கள்தான்.

சாத்திய நிலையில் முறிந்திருந்தால் ஒருவர் கதவின் பூட்டுப் பக்கத்தை வெளியிலிருந்து தள்ளியும் இழுத்தும் நெருக்கத்தைத் தளர்த்த, மற்றவர் உள்ளே கைப்பிடியை இன்னும் சற்று மேலே தூக்கிப் பிடித்தபடி திறப்பைத் திருப்பிப் பார்க்கலாம். சிலவேளை ஒரேயொரு தடவை திறந்து கொடுக்கும். அப்படித் திறந்தால் பழுது பார்க்கும் வரை மறுபடி பூட்ட வேண்டாம். திறக்காவிட்டால் துளையிடும் வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள். இந்த நாட்டில் லொக்ஸ்மித் ஆக அரசாங்க அனுமதிப் பத்திரம் எதுவும் தேவையில்லை; யாரும் அந்தப் பெயரில் விளம்பரம் செய்யலாம். மாஸ்டர் லொக்ஸ்மித்ஸ் அசோசியேஷன் தன் உறுப்பினரைச் சோதித்துச் சேர்க்கிறது, அங்கே தேடலாம். கூலி, சாமான், வற் எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று வருமுன்னரே கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். வந்தவுடன் துளையிடும் கருவியைக் கையில் எடுப்பவரிடம் ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

வாடகை வீடென்றால் கைக்காசைப் போடுமுன் நிறுத்துங்கள். இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டின் வீட்டுச் சொந்தக்காரர்–வாடகையாளர் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி, ஏழு ஆண்டுக்குக் குறைந்த வாடகை ஒப்பந்தங்களில், கட்டடத்தையும் அதன் வெளிப்பகுதியையும் பழுது பார்த்து வைப்பது வீட்டுச் சொந்தக்காரரின் பொறுப்பு. வெளிக்கதவும் யன்னலும் அதில் அடங்கும். படத்தோடு மின்னஞ்சலில் அறிவியுங்கள். திறப்பைத் தொலைத்தது நீங்கள் என்றால் செலவும் உங்களுடையதே.

யன்னல்கள்

யன்னலில் வேலை குறைவு. கைப்பிடியைத் திறந்த நிலைக்குத் திருப்பினால் மூடிகளுக்கு அடியில் இரண்டு திருகாணிகள் தெரியும், இடையில் 43 மி.மீ. கழற்றினால் 7 மி.மீ. சதுரக் கம்பியோடு கைப்பிடி வரும். கம்பி கைப்பிடியின் அடித்தட்டுக்கு வெளியே எவ்வளவு நீள்கிறது என்று அளந்து அதே நீளத்தில் வாங்குங்கள். பழைய யன்னல்களில் கம்பியே இருக்காது. கைப்பிடியின் மூக்கு சட்டத்தின் மேல் ஏறி அழுத்தும். அவற்றுக்கு அடித்தட்டிலிருந்து மூக்கின் அடிப்பக்கம் வரையுள்ள உயரம்தான் அளவு. இடம் வலம் பார்த்து வாங்க வேண்டிய வகையும் உண்டு.

பூட்டிய யன்னலின் திறப்பு தொலைந்தால் உடைக்க அவசரப்படாதீர்கள். யன்னல் திறப்புகளில் பொதுவான வடிவங்கள் சிலவே. அவற்றைக் கோத்த கொத்து ஒன்று சில பவுண்களுக்குக் கிடைக்கும்; அயல் வீட்டுத் திறப்பும் சேரலாம்.

கைப்பிடி பூட்டியும் காற்று வந்தால், அல்லது சட்டம் ஒரு மூலையில் நிலையில் இடித்தால், பக்கத்திலுள்ள உராய்வுப் பிணைச்சல் தேய்ந்துவிட்டது. அதன் நீளத்தையும், மடங்கிய நிலையில் அடுக்கின் உயரத்தையும் அளந்து — 13 அல்லது 17 மி.மீ. — இரண்டையும் சோடியாக மாற்றுங்கள். மேல்மாடியில் கழற்றும்போது சட்டத்தைப் பிடிக்க இன்னொருவர் கட்டாயம் வேண்டும். படுக்கையறை யன்னலில் தீவிபத்தில் வெளியேறுவதற்கான அகலத் திறக்கும் பிணைச்சல் போட்டிருந்தால், மலிவு என்று சாதாரண வகையை வாங்கக் கூடாது. இங்கிலாந்தின் கட்டட விதிகளில் வெளியேறும் யன்னலுக்குச் சொல்லப்பட்ட அளவு, உயரமோ அகலமோ 450 மி.மீ.க்குக் குறையாமல், குறைந்தது 0.33 சதுர மீற்றர் வெளி. சாதாரணப் பிணைச்சலில் சட்டம் அந்த வெளியின் ஒரு பகுதியை மறித்துக்கொண்டே நிற்கும். அந்த யன்னலின் திறப்பைச் சிறு குழந்தைகளுக்கு எட்டாமலும், பெரியவர் இருட்டில் கையை நீட்டினால் எட்டும்படியும், அதே அறையில் ஓர் ஆணியில் மாட்டி வையுங்கள்.